கேள்விக்குப் பதில்: கீரைப் பாத்தியும் சிலிக்கான் உரமும்

சென்ற இதழில் மண்வளம் பற்றிய பதில் ஒன்றின் நடுவே, "சிலிக்கான் உரம் நெல்லுக்குச் செய்வதைக் கீரைக்கும் செய்யும் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மணல் என்பதே சிலிக்கான் சேர்மம்தானே? என் நிலம் மணற்பாங்கானது. காலுக்குக் கீழே டன் கணக்கில் கிடக்கும் பொருளை உரமாக வேறு ஏன் இட வேண்டும்?

பதில்: புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 28 விழுக்காடு சிலிக்கான்தான், ஆக்சிஜனுக்கு அடுத்த இடம் அதற்கே. ஆனால் வேர் மணலைத் தின்பதில்லை. மண்ணின் ஈரத்தில் மோனோசிலிசிக் அமிலம் என்ற வடிவில் கரைந்து நிற்பதை மட்டுமே வேரால் உறிஞ்ச முடியும். பெரும்பாலான மண்களில் அதன் செறிவு லிட்டருக்கு 0.1 முதல் 0.6 மில்லிமோல் வரை, அதாவது சிலிக்கானாகக் கணக்கிட்டால் 3 முதல் 17 மில்லிகிராம் வரை இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் படிகம் மிகமிக மெதுவாகவே கரையும் பொருள். உமிச்சாம்பலிலும், டயட்டம் பாசிகளின் ஓடுகளாலான டயட்டம் மண்ணிலும் உள்ள படிக உருவற்ற சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கரையும். எனவே, கேட்க வேடிக்கையாக இருந்தாலும், மணற்பாங்கான நிலத்தில்தான் செடிக்குக் கிடைக்கும் சிலிக்கான் பெரும்பாலும் குறைவு. நீண்ட காலம் மழையால் அரிக்கப்பட்ட புளிப்பு மண்ணும், கரிமப் பொருளே நிறைந்த சதுப்பு மண்ணும், தென்னை நார்க் கழிவில் நிரப்பிய தொட்டியும் இதே வகையைச் சேர்ந்தவை.

உரம் வாங்கும் முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக ஆறுகளின் நீரில் சராசரியாக லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் சிலிக்கா கரைந்திருக்கிறது. ஒரு பருவத்தில் 300 மில்லிமீட்டர் பாசனம் செய்தால் ஒரு ஹெக்டேருக்கு 30 லட்சம் லிட்டர் தண்ணீர் பாய்கிறது. அதோடு 30 கிலோ சிலிக்காவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்கிறது. நிலத்தடி நீரில் இது பெரும்பாலும் இன்னும் கூடுதலாக இருக்கும். சிலிக்கானைப் பெரிதாக உறிஞ்சாத கீரை ஒன்றுக்கு இந்த வரவே போதுமானதாக இருந்துவிடக்கூடும்.

கேள்வி: கீரைக்குச் சிலிக்கான் உரம் இட்டால் இலை பெருத்து விளைச்சல் கூடும் என்று விற்பனையாளர் உறுதி சொல்கிறார். பயிருக்கு இது இன்றியமையாத சத்தா?

பதில்: இன்றியமையாத சத்து என்று சொல்வதற்கு 1939இல் ஆர்னன், ஸ்டவுட் ஆகிய தாவர ஆய்வாளர் இருவர் வகுத்த அளவுகோல் உண்டு: அந்தத் தனிமம் இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாமல் போக வேண்டும். பெரும்பாலான செடிகளைப் பொறுத்தவரை சிலிக்கான் அந்தத் தேர்வில் தேறவில்லை. ஆயினும் அதைப் புறக்கணிக்கவும் முடியவில்லை. 1840இலேயே ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் சோடியம் சிலிகேட்டை உரமாக இடலாம் என்றார். 1955இல் ஜப்பான் நெல்லுக்காகச் சிலிகேட்டை உரப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் அமெரிக்க உரக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் அதற்கு "நன்மை தரும் பொருள்" என்ற தகுதியைக் கொடுத்தது. இன்றியமையாதது என்பதற்கும் நன்மை தருவது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் உங்கள் விற்பனையாளர் கடை விரித்திருக்கிறார்.

இனி விளைச்சலைப் பார்ப்போம். உலர் எடையில் சிலிக்கானின் பங்கு செடிக்குச் செடி 0.1 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடு வரை மாறுபடுகிறது. உச்சியில் நெல் நிற்கிறது. அதன் வேரில் சிலிசிக் அமிலத்துக்கென்றே ஒரு வாயில் இருப்பதை 2006இல் ஜப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் கண்டறிந்தனர். எல்எஸ்ஐ1 என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் அமிலத்தை வேர்ச்செல்லுக்குள் விடுகிறது, அடுத்த ஆண்டு அவர்களே கண்ட எல்எஸ்ஐ2 அதைத் தண்டு நோக்கித் தள்ளிவிடுகிறது. கடுகுக் குடும்பத்தில், அதாவது முட்டைகோஸ், கடுகுக்கீரை போன்றவற்றில், எல்எஸ்ஐ1 வகை வாயிலே இல்லை. பாலக்கீரை, தண்டுக்கீரை, லெட்யூஸ் ஆகியவையும் நெல்லோடு வைத்துப் பார்த்தால் மிகக் குறைவாகவே சேர்த்துக்கொள்கின்றன. நெல் வயலில் கண்ட பலனை இவற்றின் பாத்தியில் எதிர்பார்ப்பது, வாய் குறுகிய குடத்தில் அண்டாத் தண்ணீரைக் கவிழ்ப்பது போன்றது.

அதற்காகக் கீரைகளுக்குள் சிலிக்கான் போகவே போகாது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். இத்தாலியில் திருநீற்றுப் பச்சிலை, பருப்புக்கீரை, சுவிஸ் சார்ட் முதலியவற்றை மண்ணில்லா வளர்ப்பில் வைத்து, கரைசலில் லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் சிலிக்கான் சேர்த்துப் பார்த்தபோது இலைகளில் அதன் அளவு தெளிவாக உயர்ந்தது. விளைச்சல் குறையவுமில்லை, கூடவுமில்லை. இலைக்குள் சேர்வது ஒன்று, எடை கூடுவது வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் யாருக்குத்தான் பயன்? நெருக்கடியில் இருக்கும் செடிக்கு. உப்பு மிகுந்த நீர், வறட்சி, பூஞ்சை நோய், உலோக நச்சு ஆகியவை இருக்கும் இடங்களில்தான் சிலிக்கான் தன் வேலையைக் காட்டுகிறது. நலமாக இருக்கும் செடிக்கு அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. இதில் மாங்கனீசு நச்சுதான் என்னை மிகவும் ஈர்த்த கதை. புளிப்பு மண்ணில் மாங்கனீசு மிகுந்தால் இலையில் பழுப்புப் புள்ளிகள் விழும். புள்ளி விழுந்த இடத்தில் அந்த உலோகம் குவிந்திருக்கும். 1957இல் பார்லியை வைத்துச் செய்த ஆய்வில், சிலிக்கான் கொடுத்த செடியும் கொடுக்காத செடியும் ஒரே அளவு மாங்கனீசைத்தான் எடுத்திருந்தன. கொடுத்த செடியில் அது ஒரே இடத்தில் குவியாமல் இலை முழுக்கப் பரவி நின்றதால் புள்ளி விழவில்லை. சிலிக்கான் உள்ளே வரும் நஞ்சைத் தடுக்காமல் அதைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. மண்ணில்லா வளர்ப்பில் லெட்யூஸுக்கும் மாங்கனீசு நச்சிலிருந்து இவ்வாறு பாதுகாப்புக் கிடைப்பது தெரிந்த செய்தி.

வாங்கியே தீருவதென்றால், இரண்டு பாத்திகளை ஒரே நாளில் விதைத்து, ஒன்றில் மட்டும் இட்டு, அறுவடையை எடை போட்டுப் பாருங்கள். பொட்டாசியம் சிலிகேட் இடுவதானால், அதில் உள்ள அளவு சாம்பல்சத்தை (பொட்டாசியத்தை) மற்றப் பாத்திக்கும் வேறு உரத்தின் வழியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது சிலிக்கானையா சாம்பல்சத்தையா என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: இலைமேல் தெளிப்பது நல்லதா, வேரில் ஊற்றுவது நல்லதா? ஒருமுறை கொடுத்தால் போதுமா?

பதில்: வேர் வழியே போகும் சிலிக்கான் நீரோட்டத்தோடு மேலே ஏறி, நீர் ஆவியாகும் இடங்களில், அதாவது இலையின் விளிம்பிலும் புறத்தோலிலும், தங்கி சிலிக்காவாக இறுகிவிடுகிறது. இறுகியது இறுகியதுதான், தழைச்சத்தைப் போல முதிர்ந்த இலையிலிருந்து இளந்தளிருக்கு அது பெயர்ந்து போவதில்லை. ஆகவே ஒருமுறை கொடுத்துவிட்டு இருந்தால் அதன்பிறகு விரியும் இலைகளுக்கு எதுவும் கிடைக்காது. திரும்பத் திரும்பக் கொய்து எடுக்கும் கீரைகளில் ஒவ்வொரு கொய்தலோடும் பழைய இருப்பு பாத்தியைவிட்டு வெளியேறிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இலைமேல் தெளிக்கும் சிலிகேட் பெரும்பாலும் தெளித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சாம்பல் நோய்க்கு எதிராக அது உதவுவது உண்மை. ஆனால் அந்த உதவியின் பெரும்பகுதி, காரத்தன்மை கொண்ட படலம் ஒன்று பூஞ்சை வித்துகள் முளைப்பதைத் தடுப்பதால் வருகிறது. செடி சிலிக்கானைப் பெற்று வலுவடைவதால் அன்று. கூடவே, உண்ணும் பகுதியே இலையாக இருக்கும் பயிரில் வெண்திட்டு படிவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கரைசல் கலப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சத்துக்கரைசல் நிரம்பிய தொட்டியில் பொட்டாசியம் சிலிகேட்டை அப்படியே ஊற்றினேன். கால்சியம் நைட்ரேட் ஏற்கெனவே அதில் இருந்தது. ஊற்றிய இடத்தில் பால் திரிந்தது போல வெண்மையாகக் கட்டிகட்டியாகத் திரண்டு, அரை மணி நேரத்துக்குள் சொட்டுக்குழாயின் முனைகள் எல்லாம் வழவழப்பான கூழால் அடைபட்டுப் போயின. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய இரண்டு நாள் பிடித்தது. முதலில் வெறும் தண்ணீரில் சிலிகேட்டை நன்றாக நீர்க்கக் கரைத்து, பிறகு கிளறிக்கொண்டே அமிலம் விட்டு பிஎச் அளவை (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், 7 நடுநிலை) குறைத்து, மற்றச் சத்துகளைக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 2 மில்லிமோலுக்கு மேல், அதாவது லிட்டருக்கு 56 மில்லிகிராம் சிலிக்கானுக்கு மேல் போனால், எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் சிலிசிக் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கூழாகத் தொடங்கிவிடும்.

கேள்வி: நான் மண்ணியல் முதுநிலை மாணவி. புளிப்பு மண்ணில் கால்சியம் சிலிகேட் இட்டு லெட்யூஸ் வளர்த்தேன். இட்ட தொட்டிகளில் பாக்டீரியா எண்ணிக்கை, மண் நொதிகளான டீஹைட்ரஜினேஸ், பாஸ்பேட்டேஸ் ஆகியவை இடாத தொட்டிகளைவிட உயர்ந்திருந்தன; டிஎன்ஏ வரிசையிலும் கூட்டமைப்பு மாறியிருந்தது. "சிலிக்கான் மண் நுண்ணுயிர்களை வளர்க்கிறது" என்று முடிவு எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள், அம்மா. குறைந்தபட்சம் இப்போதே எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது: அறுவடையின்போது இரண்டு வகைத் தொட்டிகளின் பிஎச் என்ன?

கால்சியம் சிலிகேட் பெயரில் சிலிக்கான் உரமாக இருந்தாலும் செயலில் அது பாதிக்கு மேல் சுண்ணாம்பு. தூய கால்சியம் கார்பனேட்டின் புளிப்பு முறிக்கும் திறனை 100 என்று கொண்டால் தூய கால்சியம் சிலிகேட்டின் திறன் 86. புளிப்பு மண்ணில் அதை இட்டவுடன் பிஎச் உயரும். மண் நுண்ணுயிர்களின் உலகத்தை பிஎச் அளவுக்கு ஆட்டிவைக்கும் காரணி அரிது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து எடுத்த 98 மண் மாதிரிகளை ஒப்பிட்டபோது, பாக்டீரியாக்களின் பன்மையை வெப்பநிலையோ நில அமைப்போ தீர்மானிக்கவில்லை, பிஎச்தான் தீர்மானித்தது. நடுநிலை மண்ணில் பன்மை அதிகம், புளிப்பு மண்ணில் குறைவு. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில், ஒரு நூற்றாண்டுக்கு முன் சீரில்லாமல் சுண்ணாம்பு இட்டதால் ஒரு முனையில் பிஎச் 4, மறுமுனையில் 8 என்று அமைந்துவிட்ட ஒரு நிலத்துண்டு இருக்கிறது. உரமும் பயிரும் ஒன்றாகவே இருந்தும், புளிப்பு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பாக்டீரியாவின் வளர்ச்சி ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது, பூஞ்சையின் வளர்ச்சி அதே அளவுக்குக் குறைகிறது. அங்கே யாரும் சிலிக்கான் இடவில்லை. உங்கள் தொட்டிகளில் நீங்கள் கண்டதும் இதுவாகவே இருக்கலாம்.

ஆகவே இடாத தொட்டியோடு ஒப்பிடுவது போதாது. சிலிகேட்டின் முறிக்கும் திறனுக்கு ஈடான அளவு கால்சியம் கார்பனேட் இட்ட தொட்டிகள் வேண்டும்; 100 கிராம் தூய சிலிகேட்டுக்கு 86 கிராம் கார்பனேட். சந்தைச் சிலிகேட்டாக இருந்தால் அதன் முறிக்கும் திறனை நீங்களே அளந்து அதற்கேற்பக் கணக்கிடுங்கள். இரண்டிலும் பிஎச் ஒரே அளவில் நிற்பதை வாரந்தோறும் சோதித்த பிறகு எஞ்சும் வேறுபாடு எதுவோ அதுதான் சிலிக்கானுடையது. பொட்டாசியம் சிலிகேட் பயன்படுத்தும் மாணவர்களுக்கும் இதே விதி: காரத்தன்மையோடு சாம்பல்சத்தையும் ஈடு செய்ய வேண்டும். பல ஆய்வுக்கட்டுரைகளில் இந்த ஒரு வரிசைத் தொட்டிகள் இல்லாததால், படித்து முடித்தபின் எதை நம்புவது என்று தெரியாமல் மூடி வைக்க வேண்டியிருக்கிறது.

செடியே இல்லாத தொட்டிகளையும் ஒரு வரிசை வையுங்கள். சிலிக்கான் முதலில் செடியை மாற்றி, செடி தன் வேர்க்கசிவை மாற்றி, அதன்வழியாக வேர்ச்சூழ் மண்ணின் நுண்ணுயிர்கள் மாறுவது ஒரு பாதை. செடியின் துணையில்லாமலே மண்ணில் மாற்றம் நிகழ்வது இன்னொரு பாதை. இந்த இரண்டாவது பாதையிலும் பாக்டீரியா சிலிக்கானை உணவாக உண்பதில்லை. கரிமப் பொருள்தான் அவற்றின் உணவு. மண்ணுயிர்களில் சிலிக்கானை உண்மையிலேயே உடலுக்குக் கேட்பவை டயட்டம் பாசிகளும் ஓடு கட்டும் அமீபாக்களும் போன்ற சிலவே. மற்றவற்றுக்குக் கிடைப்பது மறைமுக லாபம். இரும்பு, அலுமினிய ஆக்சைடு துகள்களின் மேற்பரப்பில் மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) கரிம அமிலங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலிசிக் அமிலமும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால் அவற்றில் ஒரு பகுதி கரைசலுக்குள் தள்ளப்படுகிறது. பூட்டிக்கிடந்த சாப்பாடு வெளியே வந்ததும் நுண்ணுயிர்களின் மூச்சு வேகம் எடுக்கலாம். அலுமினிய நச்சு தணிவதும் அவற்றுக்கு நன்மையே. உடனே இதை "மண்வளப் பெருக்கம்" என்று கொண்டாடத் தோன்றும். மூச்சு வேகமெடுத்தால் மண்ணின் கரிமம் கரியமில வாயுவாகப் போகிறது என்றும் அதற்குப் பொருள் உண்டு. உயர்ந்த எண் எல்லாம் நல்ல எண் அன்று.

உங்கள் அளவீடுகளைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். பாஸ்பேட்டேஸில் புளிப்பு வகை, கார வகை என இரண்டு உண்டு, ஒன்றை 6.5 பிஎச் கரைசலிலும் மற்றொன்றை 11 பிஎச் கரைசலிலும் வைத்து அளப்பது வழக்கம். மண்ணின் பிஎச் உயர்ந்தால் கார வகை ஏறி, புளிப்பு வகை இறங்குவது இயல்பு. நீங்கள் எதை அளந்தீர்கள் என்று குறிப்பிடாமல் "பாஸ்பேட்டேஸ் உயர்ந்தது" என்று எழுதினால் பாதிச் செய்திதான் எழுதியதாகும்.

மற்றொன்று டிஎன்ஏ வரிசை. அது தருவது விழுக்காடு மட்டுமே, எண்ணிக்கை அன்று. நூறு பாக்டீரியாக்கள் இருந்த மண்ணில் ஒரு பிரிவு நாற்பதாக இருந்தது என்று வையுங்கள். உரம் இட்டபின் மொத்தம் இருநூறாகி, அந்தப் பிரிவு ஐம்பதாக வளர்ந்திருக்கிறது. வரிசை அட்டவணையில் அது 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு "வீழ்ந்ததாக"த் தெரியும். நீங்களும் சிலிக்கான் அந்தப் பிரிவை ஒடுக்கியது என்று எழுதிவிடுவீர்கள். குளோரோபார்ம் புகையூட்டல் முறையில் நுண்ணுயிர்த் திரளின் மொத்தக் கரிமத்தையும் அளந்து பக்கத்தில் வைத்தால்தான் அட்டவணைக்கு அர்த்தம் பிறக்கும்.

ஓர் உபரிச் செய்தி: மண் சாற்றில் சிலிக்கானை மாலிப்டினம் நீல நிற முறையில் அளக்கும்போது கண்ணாடிக் குடுவையைத் தொடாதீர்கள். கண்ணாடியே சிலிக்கா, இரவு முழுக்கச் சாறு அதில் நின்றால் நீங்கள் காலையில் அளப்பதில் குடுவையும் சேர்ந்திருக்கும். பிளாஸ்டிக் போதும். மணிச்சத்தும் அதே நீலத்தைத் தரும் என்பதால் ஆக்சாலிக் அல்லது டார்டாரிக் அமிலம் சேர்த்து அதை விலக்கவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வேர் உட்பூசணமும் (வேருக்குள் வாழ்ந்து செடிக்குச் சத்து தேடித் தரும் பூஞ்சை) சிலிக்கானும் சேர்த்து இட்டால் கீரைக்கு இரட்டைப் பலன் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்தக் கீரை என்பதைப் பொறுத்தது. பாலக்கீரையும் தண்டுக்கீரையும் அடங்கிய குடும்பமும், கடுகுக் குடும்பமும் பெரும்பாலும் வேர் உட்பூசணத்தோடு உறவு வைத்துக்கொள்ளாதவை. அவற்றின் பாத்தியில் அந்தப் பூசணத்தை இடுவது பூட்டிய வீட்டுக்கு விருந்தாளியை அனுப்புவதற்கு ஒப்பாகும். லெட்யூஸ் அந்த உறவை ஏற்கும். வெந்தயக்கீரை அதையும் ஏற்கும், பயறுவகைச் செடியாதலால் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவையும் வைத்துக்கொள்ளும். 1999இல் தட்டைப்பயறில் சிலிக்கான் கொடுத்தபோது வேர்முடிச்சுகளின் எண்ணிக்கை கூடியதாக ஆய்வு வெளிவந்திருக்கிறது. வெந்தயக்கீரையிலும் அதையே எதிர்பார்க்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. பாத்தியில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகம்.

கேள்வி: சிலிகேட் கரைக்கும் பாக்டீரியா பொட்டலம் ஒன்று கிடைக்கிறது. சிலிக்கான் உரமே வேண்டாம், இது போதும் என்கிறார்கள்.

பதில்: பேசிலஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, சிட்ரிக், ஆக்சாலிக், குளுக்கோனிக் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்தும் பிசினைப் பூசியும் சிலிகேட் கனிமங்களை மெதுவாகக் கரைக்கின்றன, ஆய்வகத் தட்டில் அவற்றைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டில் அவற்றுக்குக் குளுக்கோஸ் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. மண்ணில் அந்த வசதி இல்லை. பசியோடு இருக்கும் பாக்டீரியா அமிலம் சுரந்து செலவழிப்பதில்லை. மட்கு தாராளமாக இட்ட பாத்தியில் வேலை செய்ய வாய்ப்புண்டு, வெறும் மணலில் இல்லை. கனிமத்திலிருந்து சிலிக்கானோடு சாம்பல்சத்தும் வெளிவருவதால், கண்ட பலன் எதனுடையது என்ற பழைய கேள்வி இங்கும் தொடர்கிறது.

கேள்வி: நெல் உமியை எரித்த சாம்பல் போதாதா? வெள்ளைச் சாம்பல் நல்லதா, கறுப்பா?

பதில்: உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும், அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. இவ்வளவு மலிவான மூலம் வேறில்லை. எப்படி எரித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிதமான சூட்டில் எரிந்து கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பதில் சிலிக்கா படிக உருவில்லாமல் இருக்கிறது, கரையும். எஞ்சிய கரி மண்ணில் நுண்ணுயிர்களுக்கு இடமும் தருகிறது. சூளையில் 700 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வெந்தால் சிலிக்கா சிறிது சிறிதாகப் படிகமாக மாறி, பார்க்கப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலும் மணலுக்கு நெருங்கிய உறவாகிவிடும். ஆகவே கறுப்பையே எடுங்கள். படிக சிலிக்காத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1997இல் அதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. எந்தச் சாம்பலானாலும் நீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு இடுங்கள். சாம்பல் காரத்தன்மை உடையது என்பதால் ஏற்கெனவே பிஎச் 8ஐ நெருங்கிய பாத்தியில் வேண்டாம். இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை வரும்.

கேள்வி: சிலிக்கான் ஏறிய கீரையை உண்பதால் கேடு உண்டா?

பதில்: சிலிக்கானால் இல்லை. வழக்கமான உணவிலேயே நாளொன்றுக்கு 20 முதல் 50 மில்லிகிராம் சிலிக்கான் உட்கொள்கிறோம். உறிஞ்சப்பட்டது சிறுநீரில் வெளியேறிவிடும். கவலைப்பட வேண்டியது கூடவே வருவதைப் பற்றி. இரும்பாலைக் கசடிலிருந்து செய்த சிலிகேட்டில் குரோமியம், வனேடியம் போன்றவை இருக்கக்கூடும். உலோகப் பகுப்பாய்வு அறிக்கை இல்லாத கசடு உரத்தைக் கீரைக்கு இட வேண்டாம். மறுபுறம், காட்மியம் கலந்த மண்ணில் கால்சியம் சிலிகேட் இட்டால் இலையில் காட்மியம் குறைவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். லெட்யூஸும் பாலக்கீரையும் காட்மியத்தை எளிதில் சேர்த்துக்கொள்பவை என்பதால் இது சிறு செய்தி அன்று. ஆனால் பிஎச் உயர்ந்தாலே காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பும் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

கேள்வி: ஒரு பொட்டலத்தில் "சிலிக்கா 25 விழுக்காடு" என்றும் மற்றொன்றில் "சிலிக்கான் 14 விழுக்காடு" என்றும் போட்டிருக்கிறது. எது அதிகம்?

பதில்: இரண்டாவது. சிலிக்காவின் எடையில் 46.7 விழுக்காடுதான் சிலிக்கான், மீதி ஆக்சிஜன். 25ஐ 0.467ஆல் பெருக்கினால் 11.7 விழுக்காடு சிலிக்கான் வருகிறது. அடுத்து, அது மொத்தச் சிலிக்கானா, கரையக்கூடிய சிலிக்கானா என்று பாருங்கள். மொத்தம் என்றிருந்தால் அந்தக் கணக்கில் ஆற்றுமணல் அநேகமாக எல்லா உரங்களையும் தோற்கடித்துவிடும்.